ஆல்டருக்கு ஒரு மணி நேரம்

மருந்தியல் பரீட்சையில் தோற்றபோது கேள்வித்தாள்மீது பழி போட்டேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். உண்மையில் நான் படித்ததைவிட டைம்டேபிள் வரைந்ததுதான் அதிகம். ஐந்து நிறப் பேனா, ஓரத்தில் பூ வேறு. ஒரு நாள் தவறினால் முழுவதையும் கிழித்துவிட்டு, அடுத்த திங்கட்கிழமையிலிருந்து புதிதாகப் போடுவேன். மருத்துவம் படிப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், பாதிப் பேருக்கு இந்த வியாதி உண்டு.

மறுதேர்வுக்கு நாற்பது நாள் இருந்தது. அதிலும் தோற்றால் கூடப் படித்தவர்கள் மேலே போய்விடுவார்கள், நான் ஜூனியர்களோடு உட்கார வேண்டும்.

என் தங்கை மண்ணூர்பேட்டைப் பக்கம் ஒரு துணி கம்பெனியில் சட்டைக் காலர் தைக்கிறாள். வேலை முடிந்து வந்தவள் சுவரில் ஒட்டியிருந்த டைம்டேபிளைப் பார்த்தாள்.

"இன்னாக்கா, வெறும் நேரமா எழுதி வெச்சிகீற? எத்தினி பீஸுன்னு எங்க கீது?"

"இது படிப்புடி. பீஸெல்லாம் கிடையாது."

"அப்போ முடிச்சியா இல்லியான்னு எப்டித் தெரியும்? எங்க லைன்ல மணிக்கு எத்தினின்னு போர்டுல எழுதுவாங்க. ஆல்டர் பாக்கத் தனியா நேரம் உடுவாங்க."

ஆல்டர் என்றால் தப்பாகத் தைத்ததைப் பிரித்து மறுபடி தைப்பது. என் டைம்டேபிளில் பதினாறு மணி நேரப் படிப்பு இருந்தது, தப்பைத் திருத்த ஒரு நிமிடம்கூட இல்லை. முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. டாக்டருக்குப் படிக்கிறவளுக்குக் காலர் தைக்கிறவள் சொல்லித்தருவதா என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன், மறைப்பானேன்?

ஆனாலும் மறுநாளே மணிக்கு நான்கு மருந்து என்று எழுதினேன். மருந்துப் பெயர்களைச் சீட்டில் எழுதித் தந்துவிடுவேன், மாலையில் அதை வைத்து அவள் கேள்வி கேட்பாள். நான் தவறவிட்டதெல்லாம் ஆல்டர், மறுநாள் காலை முதல் மணி நேரம் அதற்கே. ஒரு நாள் பாதிதான் முடிந்தது. டைம்டேபிளைக் கிழிக்கக் கை பரபரத்தது.

"பீஸ் கம்மியானா போர்டையா ஒடைப்பாங்க?" என்றாள். கிழிக்கவில்லை.

தேறிவிட்டேன். கம்பெனிக்குள் செல்போன் கூடாது என்பதால், டீ இடைவேளைக்கு நேரிலேயே போய் வாசலில் நின்றேன். முதலில் வெளியே வந்த ஒரு அம்மா முகஜாடையை வைத்தே என்னைக் கண்டுபிடித்துவிட்டார்.

"நீதான் அந்த அக்காவா? உன் தங்கச்சி டீக்குக்கூட வராம, சீட்டுல எழுதின மருந்து பேரையே படிச்சிகினு இருந்துச்சும்மா. தான் தப்பாக் கேட்டா அக்கா தப்பா சொல்லிடும்னு ஒரே பயம் அதுக்கு."

இப்படி ஒருத்தி எனக்குத் தங்கையாக வாய்த்தாளே என்று நினைத்துக்கொண்டேன். அதற்குள் அவளே ஓடிவந்துவிட்டாள்.

"இன்னாச்சு? வாயத் தொறந்து சொல்லுக்கா, எனுக்குப் பத்து நிமிஷந்தான் கீது!"

பாஸ் என்று சொல்வதற்குள் அழுதுவிட்டேன்.