போர்கோ வெக்கியோவில் ஒரு நல்ல சாட்சி

காலை ஒன்பதரை. விமான நிலையத்திலிருந்து இத்தாலியின் பலெர்மோ நகரம் முப்பத்தைந்து கிலோமீட்டர். பேருந்துக்கு ஆறரை யூரோ. ஒரு பக்கம் மொட்டை மலை, மறுபக்கம் கடல். இரண்டையும் பார்க்க நான் வரவில்லை.

லண்டனில் இருபது வருடம் பாரிஸ்டர், ஐந்து வருடம் நாடாளுமன்ற உறுப்பினர், தேர்தலில் மண்ணைக் கவ்வியபின் சட்டத்துறைப் பெரியவர்களின் வாழ்க்கையை எழுதுபவன். இவ்வளவுதான் நான். இப்போது எழுதுவது எனக்குத் தொழில் பழக்கிய ஆங்கிலேய சீனியரைப் பற்றி. நான் அரசியலுக்குப் போனது அவருக்குப் பிடிக்கவில்லை. அன்றோடு பேச்சு நின்றது. ஓய்வுபெற்று இந்த ஊரில் குடியேறியவர், போன வருடம் இங்கேயே கண்ணை மூடினார். பதினொரு வருடத்தில் அவரும் ஒரு கடிதம் போடவில்லை, நானும் போடவில்லை. வீம்புக்கு மட்டும் இருவரிடமும் குறைச்சல் இல்லை.

பதினொரு மணி. போர்கோ வெக்கியோ என்ற பழைய பேட்டையின் மீன்கடைகளைத் தாண்டி இரண்டாம் மாடி ஏறினேன். கடைசி ஆறு வருடம் அவரைப் பராமரித்த றெஜினா அக்காவின் வீடு. மன்னார்க்காரர்.

"வாங்கோ அண்ணை, இருங்கோ."

கேட்டதற்கெல்லாம் நாள், நேரத்தோடு பதில் வந்தது. மாற்றிக் கேட்டாலும் அதே பதில்தான்.

"அக்கா, நல்லாப் பாடமாக்கி வைச்சிருக்கிறியள்!"

"இஞ்சை இருக்கிறதுக்குப் பெர்மெஸ்ஸோ எடுக்க எத்தினை விசாரணை அண்ணை! கண்டதை மட்டும் சொல்லோணும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது."

சிரித்துவிட்டேன். அகதி வழக்குகளில் என் கட்சிக்காரர்களுக்கு நான் ஓதியதும் அதேதான். எனக்கு ஓதியவர் சீனியர்.

வியா மக்வேதா தெருவில் அவர் தடியூன்றி நடந்ததையும், காப்பி ஆறிவிட்டதென்று கடைக்காரரோடு வாதாடியதையும் அக்கா சொன்னார். எனக்குப் பொறாமையாக இருந்தது. அந்த ஆறு வருடங்களில் ஒரு பின்னேரமாவது எனக்குக் கிடைத்திருக்கலாம்.

இரண்டு மணி. சோறும் மீன்குழம்பும் சாப்பிடும்போது, எந்தக் கேள்விக்காக வந்தேனோ அதைக் கேட்டேன்.

"அவர் என்னைப் பற்றி எப்பவாவது கதைச்சவரோ?"

அக்கா அகப்பையைக் கீழே வைத்து யோசித்தார்.

"இல்லை அண்ணை. உங்கடை பேரை அவர் சொல்லி நான் கேக்கேல்லை."

"ஒருக்காலும்?"

"ஒருக்காலும்." என் முகத்தைப் பார்த்தவர் குரலைத் தாழ்த்தினார். "சொன்னவர் எண்டு சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனா நீங்கள் அதைப் புத்தகத்திலை போட்டிடுவியள்."

நான்கு மணி. திரும்பும் பேருந்தில் அவர்மேல் கோபம் வந்தது, பிறகு என்மேல். பொய்ச்சாட்சியை வாழ்நாளெல்லாம் வெறுத்தவன், அன்று ஒரேயொரு பொய்க்காக ஏங்கினேன். அக்கா சொன்னது சரி. அதை நான் போட்டுத்தான் இருப்பேன், முதல் பக்கத்திலேயே.