குவியலைச் சுற்றி இருந்த பேச்சு

பதினோரு விநாடி. அவ்வளவுதான் அந்தக் குரல் பதிவு. போன் மாற்றும்போதெல்லாம் வேறு எது போனாலும் இது போய்விடக்கூடாது என்று பார்த்துப் பார்த்து வைத்திருக்கிறேன். பின்னால் ஏலக்காய் கொட்டும் சத்தம், முன்னால் எங்கள் சூப்பர்வைசர் அக்காவின் அவசரக் குரல். "தம்பி, அந்த மேட்டுத் தோட்டத்துக் காயை லாரியில ஏத்திராதீக. பூச்சி மருந்து அடிச்ச மறுநாளே பறிச்சிருக்காக. வேலைக்குப் போன புள்ளைக சொல்லுதுக. வெரசா பாருங்க." அவர் இதை அனுப்பியபோது நான் கேட்கவில்லை. கேட்ட பிறகு, கேட்டதாகச் சொல்லவில்லை. முதலாவதையாவது கவனக்குறைவு என்று சொல்லித் தப்பிக்கலாம். இரண்டாவதற்கு என்னிடம் எந்தச் சமாதானமும் இல்லை.

போடியில் ஏலக்காயைத் தரம் பிரித்து வெளிநாட்டுக்கு அனுப்பும் நிறுவனம் ஒன்றில் அப்போது மேலாளராகச் சேர்ந்திருந்தேன். எங்கள் குடும்பத்துக்குச் சொந்தமாக நிலம் உண்டு. ஆனால் நான் மண்வெட்டி பிடித்தவன் இல்லை. சென்னையில் நிர்வாகம் படித்துவிட்டு, கூட்டுழைப்பு, புதுமை, பணியிடப் பண்பாடு என்று வாய் நிறையச் சொற்களோடு ஊர் திரும்பியவன். தலைக்கனம் என்றால் அப்படியொரு தலைக்கனம். எங்கள் கூடத்தில் முப்பது பெண்கள் காய்க் குவியலைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்து பொறுக்குவார்கள். கையும் ஓடும், வாயும் ஓடும். எந்த வீட்டில் சடங்கு, எந்த மாமியார் என்ன சொன்னாள், எந்த ஜீப்பு எந்த வளைவில் நின்றுபோனது என்று காலையில் தொடங்கினால் சாயங்காலம் வரை ஓயாது. நடுவில் நடந்தபடியே அக்கா, "அடியே, வாய்க்குத்தான் சம்பளமா?" என்று கேலி செய்வார். எல்லோரும் சிரிப்பார்கள். எனக்கு மட்டும் அது சந்தைக்கடை இரைச்சலாகக் கேட்டது.

வட்டத்தைக் கலைத்தேன். ஆளுக்கொரு மேசை, இடையில் தடுப்பு, மேசைக்கொரு எண். ஒரு தோட்டத்துக் காயை நிறுத்தி வைப்பதா வேண்டாமா என்பதையும் இனி நான்தான் சொல்வேன் என்று உத்தரவு போட்டேன். பேச்சுக்குப் பதிலாகப் போனில் 'புதிய சிந்தனை' என்று ஒரு குரூப் தொடங்கினேன். எல்லோரும் கருத்துச் சொல்லலாமாம்! அக்கா தயங்கித் தயங்கி, "பேசுனாத்தான தம்பி இங்க சோலி நடக்கும்," என்றார். நான் சிரித்துக்கொண்டே, "சொல்ல வேண்டியதை குரூப்புல போடுங்கக்கா, பதிவா இருக்கும்ல," என்றேன். குரூப்பில் ரோஜாப்பூவும் காலை வணக்கமும் குவிந்தன. ஒரே வாரத்தில் எரிச்சலாகி அதன் சத்தத்தை அணைத்துவிட்டேன். நான் தொடங்கிய குரூப்பை நானே பார்ப்பதில்லை. வெட்கக்கேடு!

எனக்கு விளங்காத ஒன்று அந்த இரைச்சலுக்குள் இருந்தது. அந்தப் பெண்களின் புருஷன்மார்களும் தங்கைகளும் மருமகள்களும் விடியும் முன்னே ஜீப்பேறி மலைத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறவர்கள். எந்தத் தோட்டத்தில் மருந்து அடித்தார்கள், எங்கே காயைச் சரியாக உலர்த்தவில்லை என்பதெல்லாம் அவர்களோடு வீட்டுக்கு வந்து, மறுநாள் காலை குவியலைச் சுற்றிக் கொட்டும். அக்கா காதில் வாங்கி, அந்தத் தோட்டத்து மூட்டையைச் சத்தமில்லாமல் ஓரமாக வைத்துவிடுவார். எந்தக் காகிதத்திலும் இது கிடையாது. எங்கள் சரக்கு ஒருமுறைகூடத் திரும்பி வந்ததில்லை என்று பெருமைப்பட்டோமே, அதற்குக் காரணம் நான் வம்பு என்று நினைத்த அந்தப் பேச்சுதான்.

தடுப்புகளைத் தாண்டியும் மேட்டுத் தோட்டத்துச் செய்தி எப்படியோ அக்காவின் காதுக்கு வந்திருக்கிறது. அன்று நான் மதுரையில் ஒரு கருத்தரங்கில், எங்கள் நிறுவனத்தில் கடைசி ஊழியரின் குரலும் கேட்கப்படுகிறது என்று பேசிக்கொண்டிருந்தேன். அக்கா போன் செய்தார், நான் எடுக்கவில்லை. குரூப்பில் பேசி அனுப்பினார், நான் கேட்கவில்லை. லாரிக்காரர் அவசரப்படுத்த, நிறுத்தச் சொல்லி உத்தரவும் வராததால், விதிப்படி ஏற்றுச் சீட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்.

காயில் மருந்து மிச்சம் இருக்கிறதென்று மொத்தச் சரக்கும் திரும்பி வந்தது. முதலாளி எல்லோரையும் கூடத்தில் நிறுத்தினார். அன்று காலையில்தான் குரூப்பைத் துழாவி அந்தப் பதிவைக் கேட்டிருந்தேன். "இது ஒருத்தருக்குமா தெரியல?" என்று முதலாளி கேட்டார். அக்கா என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை, சொல்லுங்க தம்பி என்பதுபோலப் பார்த்தார். தன் போனை எடுத்து நீட்டியிருக்கலாம். நானே சொல்வேன் என்று நம்பி நின்றார். நான், "ஏத்துச் சீட்டுல அக்கா கையெழுத்துதான் இருக்கு," என்றேன். பாவி, அதைத்தான் சொன்னேன். முப்பது பெண்களும் அந்தப் பதிவைக் கேட்டவர்கள். வேலை போய்விடும் என்ற பயத்தில் ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. அக்கா தன் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு வாசலில் நின்று, "வர்றேன் சார்," என்றார். அதுவரை என்னை அவர் சார் என்று கூப்பிட்டதே இல்லை.

இப்போது அந்த நிறுவனத்தில் முதலாளிக்கு அடுத்த இடத்தில் இருக்கிறேன். தடுப்புகளை எடுத்துவிட்டேன். மேசைகளையும் எடுத்துவிட்டேன். பழையபடி வட்டமாக உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தார்கள். "பேசுங்கம்மா, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டோம்," என்று நானே கெஞ்சியிருக்கிறேன். தலையைக் குனிந்து பொறுக்கிக்கொண்டே இருக்கிறார்கள். காய் விழும் சத்தம் மட்டும்தான் கூடத்தில் கேட்கிறது.

போன மாதம் சிலமலைக்கு அக்கா வீட்டைத் தேடிப் போனேன். மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தவர், "வாங்க சார்," என்று நாற்காலி எடுத்துப் போட்டார். நான் செய்தது தப்பு என்றேன். அழுகை வந்தது, மறைக்கவில்லை. "திரும்ப வாங்கக்கா. நீங்க வந்தா அவுக பேசுவாக," என்றேன்.

கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "அந்தப் பதிவு வந்ததை மொதலாளிகிட்டச் சொல்லிட்டீகளா?"

"இன்னும் இல்லக்கா."

"அப்ப அவுக எதை நம்பிப் பேசுவாக?" என்றார்.

முதலாளியின் அறை என் அறைக்கு அடுத்த அறை. பத்து மணிக்கெல்லாம் வந்துவிடுவார். இன்றைக்கும் வந்திருக்கிறார்.