விரல் விழுந்த பக்கங்கள்

ஸ்கேனரின் மிதியில் காலை வைத்தபடி நான் காத்திருப்பேன். எதிரே பாயம்மா பக்கத்தைப் புரட்டி, இரண்டு விரலால் ஓரத்தைப் படிய வைத்துவிட்டு, “ம்” என்பார். நான் மிதிப்பேன். மேலே தொங்கும் கேமரா ஒருமுறை கண் சிமிட்டும். மறுபடி ஒரு பக்கம், மறுபடி ஒரு “ம்”. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டிய அந்த அறையில், காலை முதல் மாலை வரை என்னை நோக்கி ஒரு மனிதக் குரல் வந்ததென்றால் பெரும்பாலும் அதுதான். வாடகைக்கு இருந்த மாடியறைக்குத் திரும்பினால் அதுவும் இல்லை. அங்கே மேசை விசிறியோடு பேசிப் பழகியிருந்தேன். நான் எதைச் சொன்னாலும் அது இல்லை இல்லை என்று தலையாட்டும்.

எங்கள் பல்கலைக்கழகம் மின்னூலகம் தொடங்கியபோது, கள்ளக்குறிச்சி மையத்தில் கிடந்த தாவரவியல் நோட்டுகளைப் படமெடுத்து ஏற்றும் வேலை எனக்கு வந்தது. பல வருடத்து மாணவர்கள் கல்வராயன் மலையில் ஏறி இறங்கிச் சேர்த்தவை. ஒவ்வொரு பக்கத்திலும் ஓர் இலை ஒட்டியிருக்கும். பக்கத்தில் மலைக்காரர்கள் அதற்குச் சொல்லும் பெயர், பறித்த இடம், அன்றைக்கு மழையா வெயிலா என்பதுகூட. பல சரிவுகளில் இன்று அந்தச் செடி இல்லை. நோட்டில் மட்டும் இருக்கிறது, காய்ந்து, நிறம் கெட்டு, தொட்டால் உதிரும் நிலையில். பக்கம் புரட்ட ஒப்பந்தக்காரர் அனுப்பிய ஆள்தான் பாயம்மா. மையத்தில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள், நானும். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். கணவர் இறந்தபின், கடைவீதியில் கயிறும் கோணியும் விற்கும் தம்பி வீட்டோடு இருந்தார்.

பக்கத்தை அழுத்த ஒரு கண்ணாடிப் பலகை தந்திருந்தார்கள். முதல் நாளே அதைத் தூக்கிச் சுவரோரம் சாய்த்துவிட்டார்.

“இத வெச்சா எல அப்பளம் மாதிரி நொறுங்கிக்கினு போவும் சார். நான் கையால புடிச்சிக்கிறேன்.”

“படத்தில் விரல் விழுமே.”

“வுழட்டுமே. இன்னா, என் விரலப் பாத்து ஊர் கண்ணு பட்டுடப் போவுதா?”

நான் யோசனையில் ஆழ்ந்து மிதிக்க மறந்தால், “சார், காலு தூங்கிப்போச்சா?” என்பார். ஒருமுறை மட்டும் தன்னைப் பற்றிப் பேசினார். “கடையில உக்காந்தா நான் தம்பியோட அக்கா. இங்கதான் சார் எனக்குன்னு ஒரு நாற்காலி இருக்குது.” சொல்லிவிட்டு வெட்கப்பட்டவர்போல அடுத்த பக்கத்தைப் புரட்டினார். அந்த நாற்காலியின் பிளாஸ்டிக் முதுகில் அவருடைய பழைய துப்பட்டா ஒன்று எப்போதும் மடித்துக் கிடக்கும்.

விரல் தெரியும் பக்கங்களைத் தலைமை அலுவலகத்துக் கணினி நிராகரித்தது. நிராகரித்த ஒவ்வொன்றுக்கும் நான் காரணம் எழுதி அனுப்ப வேண்டும். ‘விரல்’ என்று எழுதினேன். அடுத்ததற்கும் ‘விரல்’. பக்கத்தில் விளக்கம் எழுத ஒரு கட்டம் இருந்தது. இலையைக் காப்பாற்றத்தான் கையால் பிடிக்கிறோம், இந்தப் பக்கங்களுக்கு விலக்கு வேண்டும் என்று ஒரு வரி போட்டிருக்கலாம். மிதி காத்திருந்தது, அடுத்த நோட்டு காத்திருந்தது. நான் அனுப்பும் பட்டியல் நீளமானால், கண்ணாடிக்குப் பதில் நோட்டைப் பிடிக்க வேறு நல்ல தாங்கியாக அனுப்புவார்கள் என்றுகூட நினைத்தேன். தலைமை அலுவலகத்தில் அதைப் படித்தவர்களுக்கோ அது ஒரே ஓர் ஆளின் கவனக்குறைவாகத் தெரிந்தது.

ஒரு மதியம் ஒப்பந்தக்காரர் அவரைக் கைபேசியில் அழைத்து, நாளை முதல் வர வேண்டாம் என்றார். பாயம்மா “சரிங்க, சரிங்க” என்றார். துப்பட்டாவை எடுத்துப் பையில் வைத்தார். கதவருகே போய்த் திரும்பி, “நாளிக்குக் கடுக்கா நோட்டு சார். எல ரொம்பப் பழசு, பாத்து” என்றார். பட்டியலை எழுதியவன் நான் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

மறுநாள் நானே புரட்டி, நானே கண்ணாடியை இறக்கி, நானே மிதித்தேன். இறக்கும்போதே கேட்டது, மிகச் சன்னமாக, யாரோ பல்லிடுக்கில் எதையோ கடித்த மாதிரி. கடுக்காய் இலை ஏழெட்டுத் துண்டுகளாகக் கிடந்தது. படமோ துல்லியம். கணினி அதை ஒரே முயற்சியில் ஏற்றுக்கொண்டது. அதற்குப் பின் வந்த எத்தனையோ பக்கங்களையும் அப்படியே ஏற்றுக்கொண்டது.

மூன்று வருடம் கழித்து, போன மாதம்தான் மின்னூலகம் திறந்தது. மலையில் வெள்ளிமலைப் பக்கம் சிக்னல் கிடைக்கும் ஒரு மேட்டில் நின்று நானே திறந்து பார்த்தேன். நோட்டில் எழுதியிருந்த சரிவு எதிரே மரவள்ளியாக விரிந்து கிடந்தது. யாரிடமாவது காட்ட வேண்டும் போலிருந்தது. காட்ட எனக்கு ஒருவர்தான் இருந்தார். கீழே இறங்கி, கடைவீதியில் விசாரித்துப் போனேன். கயிற்றுச் சுருள்களுக்கு நடுவே நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, “வாங்க சார், இன்னா இந்தப் பக்கம்?” என்றார்.

கைபேசியில் காட்டினேன். ஏற்கப்படாத பக்கங்களைக் கடைசியில் அப்படியே சேர்த்திருந்தார்கள். ஓரத்தில் மருதாணி மங்கிய இரண்டு விரல், நடுவே முழு இலை. அவர் விரலைப் பார்க்கவே இல்லை. “நரம்பெல்லாம் தெரியுது பாருங்க” என்றார். பிறகு, “கடுக்கா நோட்டக் காட்டுங்க.”

காட்டினேன். படத்தை விரலால் பெரிதாக்கி, உடைந்த துண்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“அந்தப் பட்டியலை எழுதினது நான்தான்” என்றேன்.

“தெரியும் சார். எதிர்லதான உக்காந்துக்கினு இருந்தேன்? நீங்க எழுதறது எனக்குத் தெரியாதா?” குரலில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். “அது போவட்டும். இந்த நோட்டுக்கு ஒரு வார்த்த சொல்லி அனுப்பியிருந்தா, நானே வந்து புடிச்சிக் குடுத்துட்டுப் போயிருப்பேனே. சம்பளமா கேட்டேன்?”

யாரோ வந்து இருபது முழம் கயிறு கேட்டார்கள். அவர் அளக்கப் போனார். கேட்டிருக்கலாம் என்பது இத்தனை வருடத்தில் எனக்கு ஒருமுறைகூடத் தோன்றியதில்லை. எங்கள் மையத்திலிருந்து அந்தக் கடைக்கு நடந்தே பத்து நிமிடம்தான்.