எண்ணின் மேல் உட்கார்ந்த பறவை

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருஷம், மூன்று மாதம் போல நான் ஒரு வீடியோ கேம் கேசட்டோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். இன்றைக்குச் சொன்னால் சிரிப்பார்கள். அன்றைக்கும் சிரிக்கத்தான் செய்தார்கள்.

மகளுக்கு அப்போது ஆறு வயது. பிள்ளை தலையைச் சாய்த்துச் சாய்த்துப் போர்டைப் பார்க்கிறாள் என்று ஒன்றாம் வகுப்பு டீச்சர்தான் முதலில் சொன்னார். மதுரைக்குக் கூட்டிப்போனோம். இடது கண் சோம்பல் கண் என்றார் டாக்டரம்மா. வலது கண்ணே எல்லாவற்றையும் பார்த்துவிடுகிறது, இடது கண்ணை மூளை வேலை வாங்குவதே இல்லை. கண்ணாடி போட வேண்டும். தினமும் இரண்டு மணி நேரம் நல்ல கண்ணை மூடிக் கட்டிவிட்டு, இடது கண்ணால் உற்றுப் பார்க்கிற வேலை கொடுக்க வேண்டும்.

"ஏழு எட்டு வயசுக்குள்ள செஞ்சாத்தாம்மா உண்டு. அப்புறம் எவ்வளவு செஞ்சாலும் கஷ்டம்" என்றார்.

பஸ்ஸில் திரும்பும்போது நான் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன். ஏழா, எட்டா? ஏழு என்றால் இன்னும் பத்து மாதம். ஆறு வருஷமாக அந்த முகத்தைக் கழுவிப் பொட்டு வைத்தவள் நான். பி.காம். வரை படித்திருக்கிறேன். டீச்சருக்குத் தெரிந்தது எனக்கு ஏன் தெரியவில்லை?

கட்டுவதற்குத் துணி தேட வேண்டியிருக்கவில்லை. கணவர் வேலை பார்த்தது இராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனி. அவர் கொண்டுவந்த துணியைச் சதுரமாக வெட்டி, நடுவில் பஞ்சு வைத்து, ஓரக்கண்ணால் எட்டிப் பார்க்க முடியாதபடி நாலு பக்கமும் பிளாஸ்திரி ஒட்டி, மேலே கண்ணாடியை மாட்டிவிடுவேன். பத்து நிமிஷம்தான் தாங்கும். பாசிமணி கோக்கச் சொன்னேன், அரிசியில் கல் பொறுக்கச் சொன்னேன், படத்துக்குக் கலர் அடிக்கச் சொன்னேன். எல்லாவற்றையும் தள்ளிவிட்டுப் பிளாஸ்திரியைப் பிய்த்தாள். புருவத்து முடியும் கூட வந்தது.

அப்போதுதான் கணவரின் நண்பர் ஒருவர், தன் வீட்டில் சும்மா கிடந்த டி.வி. கேமைக் கொடுத்தனுப்பினார். கூடவே ஒரு கேசட். அதில் நாலே நாலு விளையாட்டு. ஒன்றில் ஒரு குரங்கு மரத்துக்கு மரம் தாவிப் பழம் பறிக்கும். கறுப்புத் திரை, பட்டை பட்டையாக வெள்ளை எழுத்து, மேலே நடுவில் மார்க்கு. ஸ்டார்ட் பட்டனை அமுக்கினால் விளையாட்டு ஓடும். அவ்வளவுதான். பிள்ளைக்கு மணி பார்க்கத் தெரியாது, ஆனால் எண் தெரியும். அதனால் எங்களுக்குள் ஒரு ஒப்பந்தம்: மார்க்கு பத்தாயிரம் வரும்வரை கட்டை அவிழ்க்கக் கூடாது. பத்தாயிரம் வர ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். காலையில் ஒரு பத்தாயிரம், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஒரு பத்தாயிரம். ஒரு மாதம் சத்தமில்லாமல் நடந்தது.

சத்தமில்லாமல் என்றும் சொல்ல முடியாது. அடுத்த தெருவில் இருந்த மதினி, கணவரின் அக்கா, வாசலில் நின்றே கேட்டார். "ஏட்டி, கண்ணு சரியில்லாத பிள்ளைய டி.வி. பொட்டி முன்னால உக்கார வச்சிருக்கியே, படிச்சவ செய்ற வேலையா இது?"

"டாக்டரம்மா உத்துப் பாக்கச் சொல்லிருக்காக மதினி."

"டி.வி.யவா சொன்னாக?"

டி.வி.யை என்று டாக்டரம்மா சொல்லவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை. அந்தக் கேள்வி உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. அன்று சாயங்காலம் மகளையே கவனித்துக்கொண்டிருந்தேன். அவள் என் பக்கம் திரும்பி, பள்ளிக்கூடத்தில் யாரோ கீழே விழுந்த கதையைச் சொல்கிறாள். கை அது பாட்டுக்குப் பட்டனை அமுக்குகிறது, குரங்கும் தப்பாமல் பழம் பறிக்கிறது. பார்க்காமலே விளையாடுகிறாள். மனப்பாடம் ஆகிவிட்டது. அப்படியானால் ஒரு மாதமாக அந்தக் கண் வேலை செய்ததா, தூங்கியதா?

யாரிடமும் கேட்கவில்லை. சனிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரில் அம்மா வீட்டுக்குப் போனபோது கேசட்டையும் எடுத்துக்கொண்டு போனேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் வாட்ச், கால்குலேட்டர், கேசட் எல்லாம் விற்கும் கடை ஒன்று உண்டு. பழைய கேசட்டைக் கொடுத்து மேலே கொஞ்சம் போட்டால் வேறு கேசட் தருவார்கள். கடைக்காரர் முஸ்லிம் பெரியவர், எல்லாப் பெண்களும் அவருக்குத் தங்கச்சிதான்.

"அதே குரங்கு விளையாட்டு இதுலயும் இருக்கு தங்கச்சி. புது மாடல். எல்லாத்தையும் மாத்திப் பளபளன்னு பண்ணிருக்கான்" என்றார்.

அந்தப் பளபளப்பில்தான் எல்லாம் கெட்டது.

கேசட்டைச் சொருகியதும் ஒரு கடற்கரை வந்தது. தென்னைமரம் ஆடியது, அலை அடித்தது, பாட்டு ஒன்று நிற்காமல் கத்தியது. நாலு பறவைகள் குறுக்கும் நெடுக்கும் பறந்தன. எட்டு விளையாட்டுகளின் பட்டியல், எண் போட்டு, பொடி எழுத்தில் அந்தக் கடலுக்கு மேலேயே. குரங்கு ஆறாவது இடத்தில். ஸ்டார்ட்டை அமுக்கினால் நேரே விளையாட்டு வராது, இன்னொரு பக்கம் வரும். அங்கே ஒரு அம்புக்குறியை நகர்த்த வேண்டும். தவறி வேறு பட்டனை அமுக்கிவிட்டால் மறுபடி கடற்கரை, மறுபடி பாட்டு. விளையாட்டுக்குள் போனாலோ மார்க்கு மேலே இல்லை. கீழே வலது ஓரத்தில், பச்சை இலைக் கூட்டத்துக்கு நடுவில், மஞ்சளில் மெலிசாக ஒட்டிக்கொண்டிருந்தது. நன்றாக இருந்த ஒன்றை எதற்கு இப்படி மாற்ற வேண்டும்? செய்தவன் ஒரு நாளாவது ஒரு சின்னப் பிள்ளை கையில் கொடுத்துப் பார்த்திருப்பானா?

மகள் முதல் நாளே ஆரம்பித்துவிட்டாள். "அம்மா, ஆறு மேல பறவை உக்காந்துருக்கு."

"பறந்துரும், செத்த நேரம் பொறு."

"பறந்துச்சு. இன்னொண்ணு வந்து உக்காந்துருச்சு."

பிறகு: "மார்க்கு எலைக்குள்ள ஒளிஞ்சிருக்கு." பிறகு: "எட்டா மூணானு தெரியல. பத்தாயிரம் ஆயிருச்சுனு வச்சுக்கோயேன்." பிறகு அழுகை, பிறகு பிளாஸ்திரி தரையில். ஒப்பந்தமே மார்க்கை நம்பி இருந்தது. அதைப் படிக்க முடியாதபோது அவள் எதற்காகக் கட்டோடு உட்கார்ந்திருப்பாள்? ஒரு வாரத்தில் மொத்தமாக இரண்டு மணி நேரம்கூடக் கட்டவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து மார்க்கைப் படித்துச் சொன்னேன். சொன்ன பிறகு, நான் படித்தால் அவள் கண்ணுக்கு என்ன வேலை என்று நிறுத்தினேன். நிறுத்தியதும் அழுதாள். மறுபடி படித்தேன்.

கணவர் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார், "பழசையே வாங்கிட்டு வந்துர வேண்டியதுதானே? யாரு உன்ன மாத்தச் சொன்னது?"

அடுத்த சனிக்கிழமை, குறைகளை வரிசையாக ஒரு தாளில் எழுதிக்கொண்டு கடைக்குப் போனேன்.

"என்ன தங்கச்சி, கேசட் ஓடலையா?"

"ஓடுதுண்ணே. பாக்கத்தான் முடியல" என்று தாளை எடுத்து வாசித்தேன். வாட்ச் ஸ்ட்ராப் மாற்ற வந்த ஒருவர் பக்கத்தில் நின்றிருந்தார்.

"பரீட்சைப் பேப்பர் மாதிரில்ல எழுதிட்டு வந்துருக்காக" என்றார் அவர்.

கடைக்காரர் சிரிக்கவில்லை, ஆனால் புரியாமல் பார்த்தார். "பறவை வேண்டாம்னா எப்படி தங்கச்சி? அந்தப் பறவைக்காகத்தான் பிள்ளைக வாங்குதுக."

"பழைய கேசட்டக் குடுத்துருங்க."

"அது அன்னைக்கே வித்து வத்திராயிருப்புக்குப் போயிருச்சே."

எனக்கு எப்படி அந்தத் துணிச்சல் வந்ததோ தெரியாது. கைப்பையிலிருந்து துணியையும் பிளாஸ்திரியையும் எடுத்தேன். "ஒரு கண்ணக் கட்டிட்டு நீங்களே பாருங்கண்ணே. அப்பத்தான் தெரியும்." பாவம், மனுஷர் தலையை நீட்டினார். கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்று அவர் வலது கண்ணுக்குக் கட்டு ஒட்டினேன்.

"ஏலே, இங்க வந்து பாரு, பாய் கடையில ஆஸ்பத்திரி தொறந்தாச்சு!" என்று ஸ்ட்ராப்காரர் தெருவைப் பார்த்துக் கூவினார். நாலைந்து பேர் கூடிவிட்டார்கள்.

கடை டி.வி.யில் அதே கடற்கரை. கடைக்காரர் ஒற்றைக் கண்ணோடு நிமிர்ந்து நின்று, ஒன்றிலிருந்து எட்டு வரை ஒரு தடங்கல் இல்லாமல் படித்தார். குரங்கைத் திறந்தார். மார்க்கையும் படித்தார். "நூத்தி அம்பது. நல்லாத்தானே தெரியுது தங்கச்சி?"

கூட்டம் சிரித்தது. அவர் கட்டைப் பிரித்துக்கொண்டே குரலைத் தாழ்த்தினார். "பிள்ளைக்குக் கண்ணுல எதுவும்…" என்றவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். "இன்னும் என்னென்ன குறைன்னு எழுதிக் குடுங்க. மெட்ராஸ்லேர்ந்து சரக்குப் போடுறவரு வரும்போது குடுக்கேன். பழசும் திரும்பி வந்தா எடுத்து வைக்கேன்."

பஸ் ஏறிய பிறகுதான் என் மடத்தனம் உறைத்தது. அவருடைய வலது கண்ணைக் கட்டினால் இடது கண் இருக்கிறது, அது நல்ல கண். அவருக்குத் தெரியாமல் என்ன? அதைவிட மோசமானது அடுத்து வந்த நினைப்பு. குறை கேசட்டில் இல்லையோ? கண் இறங்கிக்கொண்டிருக்கிறதோ? நான்தான் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பழியைப் பறவை மேல் போடுகிறேனோ?

அதன் பிறகு, என்ன குறை சொன்னாலும் எழுதிக்கொள்கிறேன், கட்டை மட்டும் பிரிக்காதே என்று மகளிடம் சொன்னேன். அது ஓரளவு வேலை செய்தது. பழைய நோட்டு ஒன்றில் அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். மூணாவது பறவை ரெக்கைய மடக்கும்போது மட்டும் ஆறு தெரியுது. ஒரு பறவை ரெக்கைய மடக்குறதே இல்ல. ஏழுக்குப் பக்கத்துல தேங்கா தொங்குது, எழுபதுனு நெனச்சுட்டேன். குறைகள் பத்துப் பன்னிரண்டு பக்கம் சேர்ந்தன. ஒவ்வொன்றையும் எழுதும்போது ஒரே நினைப்புதான். இவ்வளவு தெரியவில்லை என்கிறாளே.

மறு செக்கப்புக்கு மதுரை போனோம். டாக்டரம்மா இடது கண்ணைச் சோதித்து ஏதோ எழுதினார். "வீட்ல என்ன பண்ண வைக்கிறீங்க?" என்று கேட்டார்.

"பாசி கோக்க வைக்கிறேன்" என்றேன். மதினியின் குரல் காதில் கேட்டது. டி.வி.யைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை.

மகள் விடவில்லை. "பாசி இல்ல டாக்டர். குரங்கு கேம். புது கேசட்டு நல்லாவே இல்ல. எண்ணு மேல பறவை உக்காருது. அம்மா நோட்டுல எழுதிருக்காங்க."

எனக்கு மேஜைக்கு அடியில் போய்விடலாம் போலிருந்தது. திரும்பும்போது கடைக்காரரிடம் காட்டலாம் என்று பையில் வைத்திருந்த நோட்டை எடுத்துக் கொடுத்தேன். டாக்டரம்மா இரண்டு பக்கம் படித்தார். நிமிர்ந்து, "எத்தனை பறவை?" என்றார்.

"நாலு. மூணு ரெக்கைய மடக்கும். ஒண்ணு மடக்காது. அதுக்கு மட்டும் மூக்கு செவப்பு."

"இதெல்லாம் கட்டு போட்டுட்டுப் பார்த்ததா?" இந்தக் கேள்வி எனக்கு.

"ஆமா டாக்டர். நாலு பக்கமும் ஒட்டித்தான்."

"அப்ப இடது கண்ணு பாக்குதேம்மா. முதல்ல வந்தப்ப இந்தக் கண்ணால என் விரலையே எண்ணத் திணறுனா. இப்ப சார்ட்ல ரெண்டு வரி கூடுதலாப் படிக்கிறா." நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். "தனியா ஒரு எழுத்தைக் காட்டுனா சோம்பல் கண்ணு சீக்கிரம் படிச்சிரும். பக்கத்துல பக்கத்துல நெருக்கமா இருந்தாத்தான் குழம்பும். இவ சொல்ற குறை நிஜம்தான். ஆனா அந்த நெருக்கத்துலதான் பழகணும். இதையே தொடருங்க."

"பழைய கேசட்ட மாத்துனது சரியா, தப்பா டாக்டர்?" என்று கேட்டேன். அதற்குள் அவர் அடுத்த பிள்ளையின் சீட்டை எடுத்துவிட்டார்.

சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் எரிச்சல் போகவில்லை. இத்தனை வாரம் அவள் அழுததும் நான் அவளை அதட்டியதும் திரும்பி வரப் போவதில்லை. அந்தக் கடற்கரையை இன்னும் எத்தனை மாதம் பார்க்க வேண்டுமோ.

அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போகலாம் என்று ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கினோம். கடையைத் தாண்டும்போதே பெரியவர் கையை ஆட்டினார்.

"தங்கச்சி! வத்திராயிருப்புலேர்ந்து திரும்பி வந்துருச்சு. உங்களுக்குன்னு எடுத்து வச்சிருக்கேன்."

அதே பழைய கேசட். ஒரு மூலையில் மகள் ஒட்டிய ஸ்டிக்கர்கூட இருந்தது. அவள் குதித்துக்கொண்டு கவுண்டர் கண்ணாடி மேல் முகத்தைப் பதித்தாள்.

"இருக்கட்டும்ணே" என்றேன். "இப்ப வேண்டாம்."

"என்ன தங்கச்சி இது? பேப்பர்ல எழுதிட்டு வந்தது நீங்கதானே? என் கண்ணையே கட்டுனீகளே!"

மகளை இழுத்துக்கொண்டு வந்தேன். இராஜபாளையம் வரும்வரை அவள் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். கையைப் பிடித்தால் உதறினாள்.

மறுநாள் காலையில் கட்டு போட்டேன். முகத்தைக் கொடுத்தாள். கடற்கரை வந்தது, பாட்டுக் கத்தியது. அவள் பேசாமல் ஆறைத் தேடிப் பிடித்தாள். நான் சமையல்கட்டுக்கும் அவளுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். பாதி விளையாட்டில்தான் வாயைத் திறந்தாள், அதுவும் என்னைப் பார்க்காமல்.

"எழுதிக்கோ. குரங்கு வாலுல கோடு போட்டுருக்கான். அசிங்கமா இருக்கு."

அதற்கு முன் அவள் வாலைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை. நோட்டை எடுக்காமல் டி.வி.க்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தேன். முடி கனத்தில் மூன்று கோடு இருந்தது, அதுவரை என் கண்ணில் படாதது.