என் மகன் கேட்டனுப்பியது

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஒரு மகன் இருக்கிறான். இந்த இரண்டையும் சேர்த்து ஒருவரிடம் சொல்ல எனக்கு முப்பத்தைந்து வருஷம் பிடித்தது.

கல்லூரிக் கடைசி வருஷத்தில் கர்ப்பமானேன். காரணமானவன் வேலை கிடைத்து வடக்கே போனான்; என் கடிதங்களுக்குப் பதில் இல்லை. மயிலாப்பூரில் அக்கம்பக்கத்தாரிடம் எனக்குப் பம்பாயில் வேலை என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். நான் ஊரைத் தாண்டவே இல்லை. நகரத்தின் இன்னொரு கோடியில், என்னைப் போன்ற பெண்களை வைத்திருந்த ஒரு விடுதியில் ஐந்து மாதம் இருந்தேன்.

ஆண் குழந்தை. மூன்று நாள் பால் கொடுத்தேன். நான்காம் நாள் குளித்துவிட்டு வந்தபோது படுக்கையில் அவன் இல்லை. வராந்தாவில் அப்பா ஒரு காகிதத்தை நீட்டினார். கையெழுத்துப் போட்டேன். மாட்டேன் என்று சொல்லலாம் என்பதே அப்போது எனக்குத் தெரியாது. திரும்பி வருகையில் டாக்சியில் ரவிக்கை நனைந்துகொண்டே இருந்தது. முன் சீட்டிலிருந்த அண்ணா ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

அதற்கப்புறம் அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. வரன் பார்த்தார்கள், மறுத்தேன். வேலைக்குப் போனேன். அப்பாவும் அம்மாவும் காலமான பிறகு, போன வருஷத்துக்கு முந்தின வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை தி.நகரில் அண்ணா வீட்டுக்குப் போனேன். அந்த விடுதி எந்தத் தெருவில் இருந்தது என்று கேட்டேன். அவன் டிவி சத்தத்தைக் குறைத்தான்.

"இப்போ எதுக்கு அதெல்லாம்? அவன் எங்கேயோ சௌக்கியமா இருப்பான். நீ போய் நின்னா அவா ஆத்துல என்ன நெனச்சுப்பா?"

நினைத்துக்கொள்ளட்டும் என்றேன். கடைசியில் தெருப் பெயரைச் சொன்னான். லிஃப்ட் வரை கூடவே வந்தான்.

"அன்னிக்குக் கொழந்தையத் தூக்கிண்டு போய் ஆபீஸ் ரூம்ல குடுத்தது நான்தான். அப்பாவால தூக்க முடியல" என்றான்.

லிஃப்ட் பொத்தானை அழுத்தினேன்.

விடுதி இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பு. பழைய கோப்புகள் ஓர் அரசு அலுவலகத்துக்குப் போயிருந்தன. அங்கே ஓர் அதிகாரி, நாற்பது வயதுப் பெண். அவரிடம்தான் அந்த இரண்டு வாக்கியங்களையும் சொன்னேன். பெற்றவர்கள் தேட வழியில்லை, பிள்ளை தானாக வந்து கேட்டால்தான் உண்டு என்றார். வேண்டுமானால் ஒரு கடிதம் எழுதிக் கோப்பில் வைக்கலாம். எழுதிக் கொடுத்தேன். குழந்தைகளை வெளிநாட்டுக்குத் தத்துக் கொடுப்பதாக அப்போது விடுதியில் பேச்சு இருந்தது; எந்த நாட்டுக்கு அனுப்பினார்கள் என்று மட்டும் கேட்டேன். அவர் கோப்பைப் புரட்டினார்.

"வெளிநாடு இல்லம்மா. இங்க சென்னையிலேயேதான்."

அதற்கு மேல் சொல்லக்கூடாது என்றார்.

அத்தனை வருஷமும் நான் அவனைப் பனி பெய்யும் ஊரில், கம்பளிக் கோட்டில் வளர்த்துவந்திருந்தேன். அந்தப் பையன் ஒரே நாளில் இல்லாமல் போனான். மாம்பலம் ஸ்டேஷன் படியில் எதிரே வருகிற முப்பத்தைந்து வயது ஆண்கள் எல்லாரையும் பார்க்க வேண்டியதாயிற்று. பாண்டி பஜாரில் ஒருவனுக்கு அப்பாவின் காது. நாலு கடை வரை பின்னாலேயே போய்விட்டேன். அவன் நின்று, "இன்னா ஆன்ட்டி, எதுனா வேணுமா?" என்றான். தெரிந்தவர் என்று நினைத்தேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். அன்றைக்கு முழுக்க யாரிடமும் வேறு வார்த்தை பேசவில்லை என்பது படுக்கும்போதுதான் தெரிந்தது.

இந்த வருஷம் தை மாதத்தில் அந்த அதிகாரி ஃபோன் செய்தார். அவன் வந்திருந்தானாம். அவனுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. குடும்பத்தில் என்னென்ன வியாதி உண்டு என்று டாக்டர் கேட்டிருக்கிறார். அதை மட்டும் எழுதித் தந்தால் போதும். என் கடிதத்தைக் காட்டியபோது, இப்போது வேண்டாம் என்று சொல்லிவிட்டானாம்.

முதலில் நான்கு பக்கம் எழுதினேன். கிழித்துவிட்டு ஒரு பக்கமாக எழுதினேன். அப்பாவுக்கு இதய நோய். அம்மாவுக்குச் சர்க்கரை. எனக்குத் தைராய்டு, சின்ன வயதிலிருந்து வெயிலில் போனால் ஒற்றைத் தலைவலி. அவன் தகப்பன் வழியில் எதுவும் தெரியாது. கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.

பத்து நாள் கழித்து, மத்தியானம், மறுபடியும் ஃபோன்.

"ஒரு நிமிஷம்மா. அவர் இங்கதான் உக்காந்திருக்கார். தலைவலி எந்தப் பக்கம்னு கேக்கறார்."

"இடது பக்கம்" என்றேன்.

அதிகாரி அதைத் திருப்பிச் சொன்னார். ஓர் ஆண் குரல் ஏதோ சொன்னது. என்னவென்று பிடிபடவில்லை. காதில் ஃபோனை அழுத்திக்கொண்டேன். அதற்குள் வைத்துவிட்டார்கள்.

பிறகு அங்கிருந்து அழைப்பு வரவில்லை. அண்ணாவிடம், அவனுக்குப் பெண் குழந்தை என்று மட்டும் சொன்னேன். எத்தனை மாசம் என்று கேட்டான். அதை நான் கேட்டுக்கொள்ளவில்லை.