பட்டாளத்துக் காகிதத்தில் என் மனைவி

பட்டாளத்துக் காகிதங்களின்படி எனக்கு ஒரு மனைவி உண்டு. கல்யாணமாகாத ஓர் அக்கா மகளும் உண்டு. என் வீட்டில் இருப்பதோ ஒரே ஒருத்தி. இரண்டும் அவள்தான். இதை விளக்கிச் சொல்வதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது.

பத்தொன்பது வயதில் பட்டாளத்தில் சேர்ந்தபோது, குடும்பத்தில் யார் யார் என்று ஒரு படிவத்தில் எழுதச் சொன்னார்கள். ஆத்தா, கணவனை இழந்து பிறந்த வீட்டுக்கே வந்துவிட்ட அக்கா, அக்காவின் மகள் என்று எழுதினேன். அந்தப் பிள்ளைக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளிக்கூடத்தில் கொடுத்திருந்த பெயரைப் போட்டேன். வீட்டில் நாங்கள் கூப்பிட்டது குலதெய்வத்தின் பெயரைச் சொல்லி. எங்கள் பக்கம் பாதிப் பேருக்கு இப்படி இரண்டு பெயர். அதனால் யாருக்கும் ஒரு தொல்லையும் வந்ததில்லை, என்னைத் தவிர.

பத்து வருஷம் கழித்து அவளையே எனக்குக் கட்டிவைப்பது என்று வீட்டில் பேசி முடித்தார்கள். தாய்மாமனுக்கு இல்லாத உரிமையா! எனக்கும் மனசு நிறைய ஆசைதான், அதை மறைப்பானேன். கடிதம் வந்த அன்று பக்கத்துக் கட்டில்காரனிடம் சொல்ல ஓடினேன். ராஜஸ்தான்காரன்; என் தட்டிலிருந்து எடுத்துத் தின்கிற அளவுக்குச் சிநேகிதன். அவனோ வேறு பேச்சில் இருந்தான். யாரோ ஆந்திராக்காரன் அக்கா மகளைக் கட்டியிருக்கிறானாம். “அக்கா மகள் என்றால் பெற்ற மகள் மாதிரி. சீ, இவனெல்லாம் மனுஷனா?” என்று இந்தியில் பொரிந்து தள்ளினான். நான் கடிதத்தை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன்.

கல்யாணம் குடுமியான்மலைக் கோயிலில் நடந்தது. லீவு முடிந்து திரும்பியதும் மனைவியின் பெயரைப் பதிவு செய்யவேண்டும். பள்ளிக்கூடத்துப் பெயரை எழுதினால், ஏற்கெனவே அக்கா மகள் என்று கொடுத்தவள் இவள்தான் என்று கிளார்க் கண்டுபிடித்துவிடுவான். நாங்கள் தங்கியிருந்த பாரக் முழுக்கத் தெரிந்துபோகும். சிநேகிதன் என் முகத்தில் விழிக்க மாட்டான். எனவே குலதெய்வப் பெயரை எழுதினேன். கேட்டவர்களிடம் பக்கத்து ஊர்ப் பெண் என்றேன். எல்லையில் துப்பாக்கி பிடித்து நின்ற சூரனுடைய வீரம் அவ்வளவுதான்.

ஓய்வு பெற்றபோதும் அதே பெயர்தான் காகிதத்தில் போனது. அவள் ஒருமுறை பார்த்துவிட்டு, இதென்ன வீட்டுப் பெயரைப் போட்டிருக்கிறது என்று கேட்டாள். “வடக்கத்திக் கிளார்க் மாத்தி எழுதிட்டான்” என்றேன். அதற்குப் பிறகு அந்தப் பாவப்பட்ட கிளார்க் என் வீட்டில் வாங்கிய திட்டு கொஞ்சநஞ்சமல்ல.

போன வருஷம் அவளுக்கு வலது முழங்கால் ஒரேயடியாகத் தேய்ந்துவிட்டது. மாடிப்படியில் பக்கவாட்டில்தான் இறங்குவாள். மூட்டு மாற்ற வேண்டும் என்றார் டாக்டர். முன்னாள் ராணுவத்தினர் குடும்பத்துக்குக் கொடுக்கும் மருத்துவ அட்டை இருந்தால் ஆபரேஷனை அதில் செய்துகொள்ளலாம். அட்டைக்குப் போனால், ஆதாரில் ஒரு பெயர், பட்டாளத்தில் ஒரு பெயர். மனைவி என்று பதிவான பெண்ணுக்கு உலகத்தில் வேறு ஒரு காகிதமும் இல்லை. காகிதம் உள்ள பெண்ணோ என் மனைவி இல்லை. பதிவைத் திருத்தச் சொல்லி விண்ணப்பம் போட்டேன். காரணம் கேட்ட இடத்தில் “அறியாமை” என்று எழுதினேன். போன வேகத்தில் திரும்பி வந்தது.

புதுக்கோட்டையில் எங்களைப் போன்றவர்களுக்கு மனு எழுதித் தரும் அலுவலகத்தில் ஓர் அம்மா இருந்தார். காகிதத்தைப் பார்த்துவிட்டு மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

“அறியாமைனு எழுதியிருக்கீங்க. கட்டுன பொண்டாட்டி பேரு தெரியாமயா சார் குடும்பம் நடத்துனீங்க?”

வீட்டில் ஒரு பெயர், பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர் என்று இழுத்தேன்.

“உள்ளத உள்ளபடி எழுதுங்க. ரெண்டு பேருல இருக்கிறதும் ஒரே ஆளுதான்னு நோட்டரிகிட்ட ஒரு அஃபிடவிட் வாங்குங்க. நீங்களும் அவங்களும் கையெழுத்துப் போடணும். கூட வேலை பாத்தவரு ஒருத்தரு சாட்சி எழுதிக் குடுத்தா கேள்வியே வராது.”

என் மனைவியும் கையெழுத்துப் போடவேண்டும். அவள் பத்தாவது படித்தவள். கேஸ் சிலிண்டர் ரசீதைக்கூட வாசிக்காமல் கையெழுத்துப் போடமாட்டாள். முப்பத்து மூன்று வருஷம் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன், இப்போது நானே தோண்டி எடுத்துக் கொடுக்கவேண்டும். வேறு வழியில்லை, எழுதினேன். ‘அக்கா மகளை மணந்ததை உடன் பணிபுரிந்தவர்கள் இழிவாக நினைப்பார்கள் என்று வெட்கப்பட்டு, வீட்டில் அழைக்கும் பெயரைக் கொடுத்தேன்.’

கோர்ட்டுக்கு எதிரே நோட்டரியின் மேசையில் அவள் அதை இரண்டு தடவை வாசித்தாள். கையெழுத்துப் போட்டாள். திரும்பும்போது பஸ்ஸில் முன்னால் போய்ப் பெண்கள் சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். இரண்டு நாள் வீட்டில் டீ வந்தது, சோறு வந்தது, பேச்சு வரவில்லை. அந்த இரண்டு நாளும் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

மூன்றாம் நாள் காலையில் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள்.

“மாமா, நீங்க லீவுல வாரப்பல்லாம் பஸ் ஸ்டாண்டுல வந்து நிப்பேன். எவ கேட்டாலும் பட்டாளத்துக்காரரு பொண்டாட்டினு நெஞ்ச நிமித்திச் சொல்லுவேன். நீங்க அங்கிட்டு என்னைய யாருனே சொல்லலையா?”

“தப்புதான்” என்றேன்.

“என்னையக் கட்டுனது வெக்கமா இருந்துச்சாக்கும்?”

“ஒன்னையக் கட்டுனதுல என்ன வெக்கம்? பக்கத்துக் கட்டில் ராஜஸ்தான்காரன் இத அசிங்கம்னு பேசிட்டான். அவன்கிட்டச் சொல்றதுக்குத்தான்...”

“ரெண்டும் ஒன்னுதான்.” கத்தியைக் கீழே வைத்தாள். “சாட்சிக்கு யாரக் கேக்கப் போறீங்க?”

“கீரனூர்ல ஒருத்தரு இருக்காரு. அவரும் எங்க யூனிட்டுத்தான்.”

“அவரு வேணாம். அந்த ராஜஸ்தான்காரர்கிட்டயே கேளுங்க. இல்லாட்டி எனக்குக் கார்டும் வேணாம், காலும் வேணாம். நொண்டிக்கிட்டே கெடக்கேன்.”

சொன்னால் சொன்னதுதான், அவள் குணம் எனக்குத் தெரியும். அவனோ தினமும் காலையில் பூப்படம் போட்டு வாட்ஸப்பில் வணக்கம் அனுப்புகிறவன். போனை ஸ்பீக்கரில் போட்டு எல்லாவற்றையும் இந்தியில் சொன்னேன். அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

“நானா அப்படிச் சொன்னேன்?” என்றான். அவனுக்கு ஞாபகமே இல்லை!

அடப்பாவி! நீ சொன்ன ஒரு சொல்லைத் தூக்கிச் சுமந்துகொண்டு முப்பத்து மூன்று வருஷம் திரிந்திருக்கிறேன், நீ அதை அன்றைக்கே தின்று செரித்துவிட்டாயா! சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

எங்கள் ஊர் வழக்கம் அவனுக்கு இப்போதும் ஒப்பவில்லை, அதை மறைக்கவும் இல்லை. “எங்கள் ஊரில் இதைச் செய்தால் வெட்டிப் போட்டுவிடுவார்கள். உன் ஊர் வழக்கம் உன்னோடு. ஆனால் பக்கத்துக் கட்டிலில் படுத்துக்கொண்டு என்னிடம் பொய் சொன்னாயே, அதற்குத்தான் உன்னை உதைக்கணும்” என்றான். பிறகு, “அண்ணியிடம் கொடு” என்றான். அவன் இந்தியில் என்னவோ நலம் விசாரிக்க, இவள், “நல்லா இருக்கீங்களாண்ணே? சாப்டீங்களா?” என்று தமிழில் கேட்க, ஒரு சொல் புரியாமல் இருவரும் கால்மணி நேரம் பேசினார்கள். பத்தாம் நாள் அவன் கையெழுத்திட்ட சாட்சிக் கடிதம் ஸ்பீடு போஸ்டில் வந்தது.

மனு போய் மூன்று மாதத்தில் பதிவு திருந்தி வந்தது. உறவு: மனைவி. பெயர்: அவளுடைய பள்ளிக்கூடத்துப் பெயர். அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு, “அப்ப அந்த இன்னொரு பொண்டாட்டிய முடிச்சு விட்டாச்சா?” என்று கேட்டுச் சிரித்தாள்.

அட்டை வாங்கத் திருச்சிக்குப் போனோம். ஹாலில் ஐம்பது பேருக்குக் குறையாது, முக்கால்வாசிப் பேர் பழைய பட்டாளத்துக்காரர்கள். கவுன்ட்டரில் இருந்த பெண் தலை நிமிராமல், “கூட வந்திருக்கவங்க யாரு சார்?” என்று கேட்டாள். கேள்வி என்னவோ சாதாரணக் கேள்விதான். ஆனால் என் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என் பொண்டாட்டிம்மா. என் அக்கா மக” என்றேன்.

“மெதுவா மாமா, எல்லாரும் பாக்குறாக” என்று அவள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

பார்க்கட்டும். நான் திரும்பி, பரேடு மைதானத்துக் குரலில் அதையே இந்தியிலும் ஒருமுறை சொன்னேன். மறைத்தது அந்த மொழியில்தானே.