மாப்பிள்ளை காருக்கு ஒரு சைக்கிள் பம்ப்

போன வாரம் மச்சினன் மகளின் கல்யாண ஆல்பம் வந்தது. அதில் நான் இருக்கும் ஒரு படத்தைப் பார்த்து என் மனைவி இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

எனக்கு ஒரு பைத்தியம் உண்டு – பழைய பந்தயக் கார்களின் எஞ்சின். வீட்டில் கார் கிடையாது. எஞ்சின் புத்தகங்கள் அலமாரி நிறைய. "புஸ்தகத்த ஓட்டிக்கிட்டு எந்த ஊருக்கு மாமா போவீங்க?" என்பான் மனைவியின் தம்பி சேகர். அவன் முதுநகரில் அரை நூற்றாண்டுப் பழைய கார் ஒன்றை வைத்திருக்கிறான். புத்தகம் கிடையாது.

அவன் மகளுக்குச் சிதம்பரத்தில் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்குத் தன் கார்தான் என்று ஒரே அடம். சம்பந்தி போனிலேயே கேட்டுவிட்டார்: "வந்துடுமா? இல்ல, நாங்களே ஒரு கார் பேசி வெச்சுக்கவா?" அன்றிலிருந்து சேகருக்குச் சோறு இறங்கவில்லை.

அழைப்பன்று மத்தியானம் நானும் சேகரும் சிதம்பரம் போகும் வழியில், ஆலப்பாக்கம் தாண்டியதும் கார் இருமியது. நின்றது. டாங்க் நிறையப் பெட்ரோல். எஞ்சினுக்கு ஒரு சொட்டு போகவில்லை. பெட்ரோலை இழுத்துத் தரும் பம்ப் காலி.

"போச்சு மாமா... மானமே போச்சு."

எனக்கோ உள்ளுக்குள் குஷி!

ஆதிகாலப் பந்தய எஞ்சின் பீரோ சைஸில் இருக்கும். பெரிசு என்றால் வேகம் என்று நினைத்த காலம். பிறகுதான் புரிந்தது – உடம்பு முக்கியமில்லை, மூச்சு முக்கியம். வால்வுகளைக் கூட்டினார்கள், காற்றை ஊதித் திணித்தார்கள். குட்டி எஞ்சின்கள் ராட்சதர்களை முந்தின. (என் டாக்டரும் என்னிடம் இதைத்தான் சொல்கிறார்.) அந்தக் கார்களில் ஓட்டுபவர் பக்கத்தில் இன்னொருவர் இருப்பார். அவர் வேலைகளில் ஒன்று, டாங்குக்குள் கையால் காற்றடிப்பது! அந்த அழுத்தத்தில் பெட்ரோல் எஞ்சினுக்கு ஓடும்.

"மச்சான், ஒரு சைக்கிள் பம்ப் வாங்கிட்டு வா!"

"டயரா பஞ்சரு? வயித்தெரிச்சல கிளப்பாதீங்க மாமா."

போனான். வேறு வழி? டாங்க் மூடியையும் கழற்றிக் கொண்டுபோய், சைக்கிள் கடையில் அதில் ஓட்டை போட்டு டயர் வால்வு பொருத்தி வந்தான். கெட்ட பம்பை ஒதுக்கிவிட்டு பெட்ரோல் டியூபை நேராக எஞ்சினின் கார்புரேட்டரில் செருகினான். நான் பின் சீட்டில் உட்கார்ந்து, டாங்க் மூடியிலிருந்து ஜன்னல் வழியே வந்த காற்று டியூபில் பம்பை மாட்டி அடித்தேன். கார் உறுமியது!

"போவுது மாமா! போவுது!"

ஆனால் அடிப்பதை நிறுத்தினால் கார் நின்றுவிடுமே? ஊர்வலத்திலும் அடித்தாக வேண்டும். பின் சீட்டில் மாலையும் கழுத்துமாக மாப்பிள்ளை. அவர் காலடியில் குந்தியபடி நான். குறைத்தால் வண்டி இருமும், கூட்டினால் பெட்ரோல் பொங்கும்.

"மாமா, நான் கொஞ்ச நேரம் அடிக்கட்டுமா?" என்றார் மாப்பிள்ளை.

"நீங்க நேரா பாத்து சிரிங்க மாப்ள!"

நாதஸ்வரம் முழங்க, ஒரு இருமல் இல்லாமல், ராஜா மாதிரி கீழ வீதிக்குள் நுழைந்தது சேகரின் கார். சம்பந்தி வாயைத் திறந்தார், மூடவில்லை. சேகர் அடித்த ஹாரன் கோபுரம் வரை கேட்டிருக்கும்.

அந்தப் படம்தான் ஆல்பத்தில். கம்பீரமாக மாப்பிள்ளை, அவர் காலடியில் குனிந்த தலையும் முன்னே நீட்டிய கைகளுமாக நான். பம்ப் மட்டும் மாலைக்குப் பின்னால் மறைந்துவிட்டது. சம்பந்தி ஊரெல்லாம் சொல்கிறாராம்: "வழி பூரா மாப்பிள்ளைய விழுந்து விழுந்து கும்பிட்டுக்கிட்டே வந்தாருங்க. பொண்ணு வீட்டு மரியாதன்னா அதான்!"

நான் மறுக்கவில்லை. ஜெயித்தவன் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது.